இரண்டு நாள், எட்டு புட்டிகள்: பெங்களூருக் கோடையில் ஒயின் சுவைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூருத் தமிழர்களிடம் ஒயின் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "எல்லாம் ஒரே புளிப்பு" என்பார்கள் சிலர். "அதற்கெல்லாம் நாக்கு பழக வேண்டும்" என்பார்கள் மற்றவர்கள். சாம்பாரில் பெருங்காயம் குறைந்ததை முதல் வாயிலேயே கண்டுபிடிக்கும் நாக்கு ஏற்கெனவே பழகியதுதான். அதற்குக் கிடைக்காமல் போனது ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு. மாதம் ஒரு புட்டி என்று வாங்கிக் குடிப்பவர் பத்து வருடம் கழித்தும் "நன்றாக இருக்கிறது" என்பதைத் தாண்ட மாட்டார். ஒரே ஒரு குணம் மட்டும் மாறுபடும் இரண்டு ஒயின்களை அருகருகே ஊற்றிப் பார்ப்பவர் அரை மணி நேரத்தில் பேசத் தொடங்கிவிடுவார். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஜோடி முறையில்தான் போகிறது: சனிக்கிழமை வெள்ளை, ஞாயிற்றுக்கிழமை சிவப்பு.

ஆட்களும் அளவும்

ஆறு பேர் சேர்ந்தால் சரியாக இருக்கும். 750 மில்லி புட்டியிலிருந்து ஆளுக்கு 40 மில்லி ஊற்றினால் 240 மில்லிதான் செலவாகும். மீதியில் பிடித்ததை இன்னொரு முறை ஊற்றிக்கொள்ளலாம், சாப்பாட்டுக்கும் மிஞ்சும். எட்டு புட்டிகளின் விலையை ஆறாகப் பிரித்தால் எவருக்கும் பாரமாக இராது.

கர்நாடகத்தில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான். நான்கு சிறிய ஊற்றல்களிலேயே அதை நெருங்கிவிடலாம். அல்சூரிலோ இந்திராநகரிலோ வீடு என்றால் மெட்ரோ ஊதா வழித்தடம் பக்கத்திலேயே இருக்கிறது, விருந்தினர்களை அதில் வரச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் மருந்து எடுத்துக்கொள்பவர்களும் மூக்கால் மட்டும் கலந்துகொள்ளலாம். பாதி ஆட்டம் மூக்கில்தான் என்பதால் அவர்களுக்கு இழப்பு அதிகமில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் தேர்தல் வந்தால் நாள்காட்டியையும் பாருங்கள். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் மதுக்கடைகள் மூடியிருக்கும்.

எதை வாங்குவது

வெளிநாட்டுப் புட்டிகளைத் தேடிப் போக வேண்டாம். இறக்குமதி வரி கட்டி வரும் மலிவான பிரெஞ்சு ஒயினைவிட அதே விலையில் கிடைக்கும் நாசிக் ஒயின் அநேகமாக மேலானது. தவிரவும் பெங்களூரே ஒரு ஒயின் ஊர்தான். தொட்டபள்ளாபுரம் பக்கம் நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் குடும்பம் 1988-இல் தொடங்கிய திராட்சைத் தோட்டம் இன்று குரோவர் சம்பா என்ற பெயரில் இயங்குகிறது. மைசூர் சாலையில் சென்னபட்டணத்தில் சுலா என்ற ஒயின் நிறுவனத்துக்கு ஒரு ஆலை உண்டு. ஹம்பி மலைப் பகுதியில் கிருஷ்மா, மகாராஷ்டிரத்தின் அக்லூஜில் ஃபிராத்தெல்லி என்று பட்டியல் நீளும்.

வாங்க வேண்டியவை இவை (பெயர்கள் எல்லாம் திராட்சை ரகங்களுடையவை):

சனிக்கிழமைக்கு சாவின்யோன் பிளாங்க், செனின் பிளாங்க், வியோனியே, ஓக் பீப்பாயில் வைத்த ஷார்டனே.

ஞாயிற்றுக்கிழமைக்கு பீப்பாய் படாத இளம் ஷிராஸ், பீப்பாயில் முதிர்ந்த 'ரிசர்வ்' ஷிராஸ், கேபர்னே சாவின்யோன். கடைசியில் 'லேட் ஹார்வெஸ்ட்' என்று அச்சிட்ட இனிப்பு செனின் ஒன்று.

இரண்டு ஷிராஸும் ஒரே நிறுவனத்துடையவையாக இருந்தால் ஒப்பீடு கூர்மையாக இருக்கும். சாவின்யோன் பிளாங்கையும் செனினையும்கூட ஒரே நிறுவனத்திலிருந்து எடுப்பது நல்லது. சுலாவில் இந்த இரண்டும் உண்டு.

எந்தக் கடை என்பது எந்தப் பெயர் என்பதைவிட முக்கியம். மே மாத வெயில் நேராக விழும் கண்ணாடி அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற புட்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். குளிரூட்டப்பட்ட கடையாக, ஒயின் வேகமாக விற்றுப்போகும் கடையாகப் பார்த்துப் போங்கள். தக்கை புட்டியின் வாயைவிட மேலே துருத்திக்கொண்டிருந்தாலோ, கழுத்தில் ஒயின் கசிந்து காய்ந்த பிசுக்கு இருந்தாலோ உள்ளே வெந்துவிட்டது என்று பொருள். திருகு மூடி போட்ட புட்டியைத் தரம் குறைந்தது என்று ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் வெயிலுக்குத் திருகு மூடிதான் நல்லது. தக்கை உலர்ந்து சுருங்கும் கவலையும் இல்லை.

லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள். ஐரோப்பாவில் திராட்சை அறுவடை செப்டம்பரை ஒட்டி நடக்கும். தென்னிந்தியாவில் கொடி குளிர்காலத்தில் உறங்குவதே இல்லை. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை கொடியை வெட்டிக் கவாத்து செய்து, செப்டம்பர் அக்டோபர் கவாத்துக்குப் பின் வரும் காயை மட்டும் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் அறுக்கிறார்கள். ஆகவே ஒரே ஆண்டு அச்சிடப்பட்டிருந்தாலும் நம் ஒயின் பிரெஞ்சு ஒயினைவிட அரை ஆண்டு மூத்தது. சாவின்யோன், செனின் இரண்டும் மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பழையது எல்லாம் சிறந்தது என்ற நம்பிக்கை இந்த ரகங்களுக்குப் பொருந்தாது.

வெப்பநிலை: கோடையில் பாதிப் பேர் கோட்டைவிடும் இடம்

சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' பரிமாற வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, 32 டிகிரி கூடத்தில் மேசைமேல் வைத்திருந்த புட்டியைத் திறக்கிறார்கள். அந்த அறிவுரை ஐரோப்பியக் கல்வீடுகளுக்கானது. அவர்கள் சொல்லும் அறை 16 முதல் 18 டிகிரி. முப்பது டிகிரியில் ஆல்கஹால் ஆவி முந்திக்கொண்டு மூக்கைக் குத்தும், பழ மணம் அதன் பின்னால் மறையும், வாயில் கஷாயம்போல் கனக்கும். "எனக்குச் சிவப்பு ஒயின் ஒத்துவராது" என்பவர்களில் பலர் சூடான சிவப்பு ஒயினை மட்டுமே குடித்தவர்கள்.

வெள்ளையில் இதற்கு நேர்மாறான தவறு. குளிர்சாதனப் பெட்டியில் இரவெல்லாம் வைத்து 4 டிகிரியில் ஊற்றினால் மணம் எழவே எழாது. குளிர்ந்த புளிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

சாவின்யோனும் செனினும் 8 முதல் 10 டிகிரி, வியோனியேவும் ஷார்டனேயும் 12 டிகிரி, சிவப்புகள் 16 முதல் 18 டிகிரி. கோடை அறையிலிருந்து எடுத்த புட்டி வெள்ளைக்குரிய குளிர்ச்சியை அடைய, குளிர்சாதனப் பெட்டியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். சிவப்புக்கு ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலோ போதும். அவசரம் என்றால் ஒரு வாளியில் பாதி பனிக்கட்டி, பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு. வெறும் பனிக்கட்டி புட்டியை அங்கங்கேதான் தொடும். தண்ணீர் சேர்ந்தால் முழுவதும் தழுவும் என்பதால் வேலை சீக்கிரம் முடியும். அரை மணி நேரத்துக்குள் வெள்ளை தயார், பத்து நிமிடத்தில் சிவப்பு. உறைபெட்டியில் வைத்து மறந்தால் புட்டி வெடிக்கும்.

சமையலறை வெப்பமானி இருந்தால் ஊற்றிய முதல் கிண்ணத்தில் ஒரு முறை முக்கிப் பாருங்கள். கொஞ்சம் கூடுதல் குளிர்ச்சியாகவே ஊற்றுங்கள். மே மாதக் காற்றில் கிண்ணம் தானாகச் சூடேறிவிடும்.

வீட்டைத் தயார் செய்தல்

மணம்தான் விளையாட்டு என்பதால் அந்த இரண்டு நாளும் சுவைக்கும் நேரத்தில் ஊதுபத்தி, சாம்பிராணி, அறை வாசனைத் தெளிப்பான் எதுவும் வேண்டாம். தலையில் மல்லிகைச் சரம் வைத்திருப்பவரை மேசையின் அந்தக் கோடிக்கு அனுப்புவது மரியாதைக் குறைவு, ஆனாலும் அனுப்புங்கள். வியோனியேவின் பூ மணத்தை மல்லிகை விழுங்கிவிடும். தாளிப்பை ஒரு மணி நேரம் முன்பே முடித்துச் சன்னலைத் திறந்து வையுங்கள். பல் துலக்கிய உடனேயும் டிகிரி காபி குடித்த உடனேயும் சுவைக்க உட்காராதீர்கள்.

வாய் குறுகி வயிறு அகன்ற கண்ணாடிக் கிண்ணம் ஆளுக்கு இரண்டு. ஜோடி முறைக்கு இரண்டு கட்டாயம். மேசையில் வெள்ளைத் துணி, குடிக்கத் தண்ணீர், இடையில் கொறிக்க உப்பில்லாத பொரி. துப்புவதற்கு ஒரு படிக்கம் வையுங்கள். தாத்தா காலத்து வெற்றிலைப் படிக்கம் பரணில் கிடந்தால் இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லாரும் துப்புகிறார்கள். நான்காவது கிண்ணத்திலும் தெளிவாக இருக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை.

புட்டிகளைப் பழைய நாளிதழில் சுற்றி எண் எழுதிவிடுங்கள். விலை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும்.

வெள்ளிக்கிழமை இரவு: மூக்குக்கு ஒத்திகை

இதைத் தவிர்க்காதீர்கள். சிறிய கிண்ணிகளில் இடித்த மிளகு, கிராம்பு, நறுக்கிய பச்சைக் குடைமிளகாய், எலுமிச்சைத் தோல், கொய்யாத் துண்டு, பழுத்த மாம்பழம், வெனிலா எசன்ஸ் சில துளிகள், ஈர மண் ஆகியவற்றை வையுங்கள். ரசல் மார்க்கெட்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். பன்னீர் திராட்சை கண்ணில் பட்டால் அதையும் வாங்குங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்து 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அது, உலகம் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்று அழைக்கும் ரகம். திராட்சைக்குள் பூ மணம் இருக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. ஊர் முழுக்க விற்கும் பெங்களூர் நீலத் திராட்சையையும் பக்கத்தில் வைத்து முகருங்கள். திராட்சை மிட்டாயின் அந்த மணம்தான் பலர் மனத்தில் ஒயின் மணமாகப் பதிந்திருக்கிறது. மலிவான இனிப்பு 'போர்ட்' புட்டிகள் பல அந்தத் திராட்சையில் செய்தவை என்பதே காரணம். சனிக்கிழமை திறக்கப்போகும் எதிலும் அது இராது.

கண்ணை மூடி ஒவ்வொன்றையும் முகர்ந்து பெயர் சொல்லுங்கள். தினமும் கையாளும் பொருளுக்கே பெயர் வராமல் தவிப்பீர்கள். மூக்குக்குத் தெரியும், வாய்க்குத்தான் சொல் கிடைக்காது. அந்தத் தடையை இன்றே உடைத்துவிட வேண்டும்.

இன்னொரு சோதனை: மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காயை மெல்லுங்கள். கொஞ்சம் காரமும் கசப்பும் மட்டும் தெரியும். விரலை எடுத்தவுடன் ஏலக்காய் வந்து நிற்கும். வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் இந்த மணத்தைத்தான் நாம் சுவை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சுவைக்கும் முறை

கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே ஊற்றுங்கள். சுழற்றும் முன் ஒரு முறை முகருங்கள், சுழற்றிய பின் மறுபடி. பிறகு ஒரு வாய் எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுத்து, வாய் முழுக்கப் புரட்டுங்கள். சத்தம் வரும், வரட்டும்.

கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு. துப்பியபின் நாக்கின் ஓரங்களில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது? அது புளிப்பின் அளவு. இனிப்பு மிஞ்சுகிறதா? ஈறும் கன்னமும் கொட்டைப்பாக்கு மென்றதுபோல் இழுக்கின்றனவா? அது டானின், துவர்ப்பு. மணம் எத்தனை வினாடி நிற்கிறது? இந்த நான்குக்கும் ஒவ்வொரு வரி குறித்துக்கொண்டால் போதும். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் வேலையைப் பத்திரிகைக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

இனிப்பை நாக்கின் நுனியும் கசப்பைப் பின்பகுதியும் மட்டும் உணரும் என்ற பழைய நாக்கு வரைபடத்தை யாராவது எடுத்துக்கொண்டு வந்தால் கேட்காதீர்கள். எல்லாச் சுவையும் எல்லா இடத்திலும் தெரியும்.

சனிக்கிழமை மாலை: வெள்ளை

முதல் ஜோடி சாவின்யோன் பிளாங்கும் செனின் பிளாங்கும். சாவின்யோனை முகர்ந்தவுடன் நேற்றைய குடைமிளகாய்க் கிண்ணியைத் தேடுங்கள். பைரசின் என்ற சேர்மக் குடும்பம் குடைமிளகாயிலும் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது, கற்பனை ஒன்றுமில்லை. கூடவே கொய்யா, எலுமிச்சைத் தோல். செனினில் பச்சை வாசம் குறைந்து பழ வாசம் கூடும். வாயில் வைத்தால் செனின் லேசாக இனிக்கலாம், ஏனென்றால் இந்தியச் செனின்கள் பலவற்றில் சர்க்கரையைக் கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: பழ மணத்தை மூளை இனிப்பு என்று எடுத்துக்கொள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஒரு வாய் குடியுங்கள். அப்போதும் இனித்தால் அது சர்க்கரை.

செனின் புட்டியில் கால் பங்கை மூடி வையுங்கள், நாளை தேவைப்படும்.

இரண்டாவது ஜோடி வியோனியேவும் பீப்பாய் ஷார்டனேயும். இதில் பார்க்க வேண்டியது மணம் எங்கிருந்து வருகிறது என்பது. வியோனியேவின் பூ மணமும் பாதாமிப் பழ (ஆப்ரிகாட்) மணமும் திராட்சையிலிருந்தே வருபவை. ஷார்டனேயின் வெனிலா, வெண்ணெய், வறுத்த கொட்டை வாசங்கள் பெரும்பாலும் ஆலையில் சேர்ந்தவை. வெனிலா ஓக் மரத்திலிருந்து வருகிறது. வெண்ணெய் வாசம், கூரான மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது உண்டாகும் துணைப்பொருள். தயிரில் இருப்பதும் லாக்டிக் அமிலமே. ஷார்டனே வாயில் சற்றுத் தடிமனாக உருள்வதையும் கவனியுங்கள்.

முடிந்தபின் அதே சாவின்யோனைக் குளிராகவும், மேசையில் அரை மணி நேரம் நின்றபின்னும் சுவைத்துப் பாருங்கள். வெப்பநிலை பற்றி மேலே எழுதியதை நம்பாதவர்களுக்கு இது.

ஞாயிற்றுக்கிழமை மதியம்: சிவப்பு

எந்தச் சிவப்புத் திராட்சையையும் உரித்துப் பிழிந்தால் பெரும்பாலும் நிறமற்ற சாறுதான் வரும். நிறமும் டானினும் தோலிலும் விதையிலும் இருப்பவை. வெள்ளைக்குச் சாற்றை முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். சிவப்புக்குத் தோலோடு சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். நேற்று தெரியாத துவர்ப்பு இன்று தெரிவது அதனால்தான்.

இளம் ஷிராஸை முதலில் ஊற்றுங்கள். மிளகு வாசம் வருகிறதா? ரொட்டண்டோன் என்ற ஒரே சேர்மம்தான் மிளகுக்கும் ஷிராஸுக்கும் அந்த வாசத்தைத் தருகிறது. அஞ்சறைப் பெட்டியைத் தினமும் திறப்பவர்கள் இதில் ஐரோப்பியரைவிட ஒரு படி முன்னால் நிற்கிறார்கள். விசித்திரம் என்னவென்றால் சிலருடைய மூக்குக்கு அந்தச் சேர்மம் தெரியவே தெரியாது. ஆறு பேரில் ஒருவர் "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்றால் கிண்டல் செய்யாதீர்கள், அவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

பக்கத்தில் ரிசர்வ் ஷிராஸ். இதைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி அரை மணி நேரம் காற்றாட விட்டிருக்க வேண்டும். கிராம்பு, வெனிலா, லேசான புகை எல்லாம் பீப்பாய் சேர்த்தவை. இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தால் பழம் எது, மரம் எது என்று பிரிந்து நிற்கும். எனக்குக் கோடையில் இளம் ஷிராஸ்தான் பிடிக்கிறது. விலை கூடியது என்பதற்காக ரிசர்வைப் பாராட்ட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அடுத்து ரிசர்வ் ஷிராஸோடு கேபர்னே சாவின்யோன். ஷிராஸ் வாயின் நடுவில் நிறையும். கேபர்னேவில் துவர்ப்பு ஈறுகளில் இறுக்கிப் பிடிக்கும். கேபர்னேவிலும் குடைமிளகாய் வாசம் தெரிந்தால் ஆச்சரியமில்லை. கேபர்னே சாவின்யோனின் பெற்றோர் ரகங்களுள் ஒன்று சாவின்யோன் பிளாங்க், மற்றொன்று கேபர்னே ஃபிராங்க்.

கடைசி ஜோடி நேற்று எடுத்து வைத்த செனினும் லேட் ஹார்வெஸ்ட் செனினும், இரண்டும் குளிராக. கொடியிலேயே கூடுதல் நாள் விட்டுச் சர்க்கரை ஏறிய திராட்சை. சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறும் முன்பே நொதித்தல் நின்றிருக்கும். தேன், மாம்பழம், உலர் திராட்சை வாசங்கள். பக்கத்தில் பாதாமி மாம்பழம் ஒரு துண்டு இருந்தால் மேசை அமைதியாகிவிடும்.

விளையாட விரும்பினால் ஒரு வெள்ளையையும் டானின் குறைந்த ஒரு சிவப்பையும் ஒரே குளிர்ச்சியில், எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கண்ணை மூடச் சொல்லிக் கொடுங்கள். எது சிவப்பு? 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தின் 54 ஒயின் மாணவர்களுக்கு மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். உங்கள் மாமா தோற்றால் இந்தச் செய்தியைச் சொல்லித் தேற்றலாம்.

சாப்பாடு

சுவைத்து முடித்த பின்புதான் இலை போட வேண்டும். வெள்ளைக்கு உளுந்து வடையும் வாழைக்காய் பஜ்ஜியும் நன்றாகப் போகும், எண்ணெயைப் புளிப்பு அறுத்துவிடும். வியோனியேவுக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம். மட்டன் சுக்காவோ காளான் மிளகு வறுவலோ ஷிராஸுக்கு. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தணிக்கும். வரமிளகாய்க் காரம் மட்டும் எதிரி: ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டும், டானின் சொரசொரப்பாகும். காரக் குழம்பு இருந்தே தீர வேண்டும் என்றால் குளிர்ந்த செனினை எடுங்கள். ஊறுகாயும் ரசமும் மறுநாளைக்கு.

கெட்ட புட்டி

ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்தால் தக்கையின் பூஞ்சைக் கோளாறு. வெள்ளை ஒயின் பழுப்பேறி நறுக்கி வைத்த ஆப்பிள்போல மணத்தால் காற்றுப் புகுந்துவிட்டது. காடி வாசத்துக்கு மருந்தில்லை. அழுகிய முட்டை வாசம் மட்டும் சில சமயம் சுழற்றினால் பறந்துவிடும், பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை

மிச்சம் இருப்பவற்றைச் சிறிய புட்டிகளில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். காற்றுக்கு இடம் குறைவாக இருந்தால் கெடுவதும் தாமதமாகும். சிவப்பையும் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். வெள்ளை இரண்டு மூன்று நாள், சிவப்பு மூன்று நான்கு நாள் தாங்கும். இனிப்பு செனின் ஒரு வாரம் வரை போகும். ஊருக்கு எடுத்துப் போகலாமே என்று யோசிப்பவர்கள் அத்திப்பள்ளி சோதனைச் சாவடிக்கு முன்பே இரு மாநிலங்களின் ஆயத்தீர்வை விதிகளையும் படித்துவிடுவது நல்லது. அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் மிச்ச ஷிராஸைப் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்து, ஆட்டுக்கறி வேகும்போது இரண்டு கட்டிகளைப் போட்டுக்கொள்ளலாம்.